லைசென்ஸ் வந்தாச்சு... அப்பாவின் 100 சிசி பைக் கைக்கு வந்தாச்சு! புது ரைடர்கள் முதலில் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஆர்டிஓ மைதானத்தில் எட்டு போட்டாச்சு. கால் தரையில் படவில்லை, இன்ஸ்பெக்டரும் தலையாட்டிவிட்டார். லைசென்ஸ் கைக்கு வந்ததும் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். பையன் 200 சிசி பைக் கேட்பான். "முதல்ல என் ஸ்பிளெண்டரை ஓட்டு, அப்புறம் பார்க்கலாம்" என்பார் அப்பா.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் பிரச்னை. "சின்ன வண்டிதானே, ஒண்ணும் ஆகாது" என்பார். இது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல்தான் பலரும் புறவழிச்சாலையில் பஸ்ஸை முந்தப் போகிறார்கள்.

16 வயசுல ஸ்கூட்டி ஓட்டலாமா?

முதலில் இதை முடித்துவிடுவோம். 16 வயது நிரம்பியவர்கள் கியர் இல்லாத வண்டி ஓட்டலாம் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது 50 சிசிக்கு மிகாத வண்டியை மட்டும்தான். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வண்டியின் எஞ்சின் 99.7 சிசி. ஆக்டிவா சுமார் 110 சிசி. அதாவது இன்று வீட்டு வாசலில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களில் கிட்டத்தட்ட எதையுமே 18 வயதுக்கு முன் ஓட்ட முடியாது.

மீறி ஓட்டினால் சிக்குவது பையன் மட்டுமல்ல. 2019 சட்டத் திருத்தப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. ஓட்டிய சிறுவருக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

18 முடிந்து, கியர் வண்டி லைசென்ஸ் வாங்கிவிட்டால் நிலைமை அப்படியே தலைகீழ். மறுநாளே 650 சிசி வண்டியில் ஏறி உட்கார்ந்தாலும் சட்டம் தடுக்காது. பிரிட்டனில் 17 வயதில் 125 சிசி, 19 வயதில் நடுத்தர வண்டி, பெரிய வண்டிக்கு நேரடியாகப் போக 24 வயது என்று படிப்படியாக வைத்திருக்கிறார்கள். இங்கே அந்தப் படிக்கட்டு இல்லை. சின்ன வண்டியில் தொடங்குவதா வேண்டாமா என்பதை நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும்.

சின்ன வண்டியில் என்ன லாபம்?

ஸ்பிளெண்டர் போன்ற வண்டியின் எஞ்சின் 97.2 சிசி, சக்தி சுமார் 8 குதிரைத்திறன், எடை 112 கிலோ அளவில். கிளட்சை டக்கென்று விட்டாலும், பதற்றத்தில் ஆக்சிலேட்டரை அதிகமாக முறுக்கிவிட்டாலும் வண்டி ஒரு குலுக்கு குலுக்கும், அல்லது ஆஃப் ஆகும். எகிறிப் பாயாது. சிக்னலில் சாய்ந்தால் ஒற்றைக் காலில் தாங்கிவிடலாம். புதுசா ஓட்டுபவர் செய்யும் பத்து தப்பில் ஏழெட்டு இந்த ரகம்தான். அத்தனையையும் சின்ன வண்டி மன்னித்துவிடும்.

ஒரு விஷயம்: கியர் போடும் முறை வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் எல்லா கியரையும் முன்னால் அழுத்த வேண்டும். சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பழகிய கால் அப்பாவின் வண்டியில் தடுமாறும். ரோட்டுக்குப் போகும் முன் தெருவுக்குள் நாலு சுற்று சுற்றிப் பாருங்கள்.

மன்னிக்காத இடம்: ஓவர்டேக்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. முன்னால் ஒரு பஸ் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 60-ல் முந்தப் பார்க்கிறீர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 10 கிலோமீட்டர், அதாவது ஒரு விநாடிக்கு மூன்று மீட்டர் கூட இல்லை. பஸ்ஸின் நீளம் 11 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் பத்து பத்து மீட்டர் இடைவெளி வேண்டும். மொத்தம் சுமார் 30 மீட்டர். இதைக் கடக்க 11 விநாடி ஆகும்.

அந்த 11 விநாடியில் நீங்கள் ரோட்டில் போயிருக்கும் தூரம் ஏறக்குறைய 180 மீட்டர். எதிரே ஒரு லாரி அதே 60-ல் வந்தால் அதுவும் 180 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, நீங்கள் வலப்பக்கம் ஒதுங்கும்போது எதிரே குறைந்தது 360 மீட்டர் ரோடு காலியாக இருக்க வேண்டும். இதுவும் நீங்கள் ஏற்கெனவே 60-ல் போய்க்கொண்டிருந்தால்தான். 50-லிருந்து முறுக்கி 60-ஐத் தொட, பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கும் 100 சிசி வண்டி எடுக்கும் நேரத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

200 சிசி வண்டி இதைச் சட்டென்று முடித்துவிடும். உங்கள் வண்டி பாதி பஸ் வரை போய், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முனகும். எதிரே லைட் தெரிந்ததும் முன்னேயும் போக முடியாது, பின்வாங்கவும் மனசு வராது. அந்த நிலையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஆக்சிலேட்டரை விட்டு, அளவாக பிரேக் பிடித்து, பஸ்ஸுக்குப் பின்னாலேயே திரும்புங்கள். இரு வழிச் சாலையில் 50-ல் போகும் பஸ்ஸை 100 சிசி வண்டியில் முந்தாமல் இருந்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. அடுத்த ஸ்டாப்பில் அது தானாகவே நிற்கும்.

பெரிய லாரி உங்களைக் கடக்கும்போதும், எதிரே விர்ரென்று போகும்போதும் காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். எடை குறைந்த வண்டி என்பதால் நன்றாகவே ஆடும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காமல், முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொண்டு நேராகப் போங்கள்.

"முன் பிரேக் பிடிக்காதே, குப்புற விழுந்துடுவே!"

தமிழ்நாட்டில் வண்டி கற்றுக்கொண்ட எல்லோரும் இதைக் கேட்டிருப்பார்கள். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன் சக்கரத்தின் மேல் சாயும், பின் சக்கரம் லேசாகும். அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், வண்டி நிற்காது. நேராகப் போகும்போது இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பிடிப்பதே சரி. வளைவிலும் மணலிலும்தான் முன் பிரேக்கில் ஜாக்கிரதை வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான புது வண்டிகளில் சிபிஎஸ் அல்லது ஏபிஎஸ் கட்டாயம். சிபிஎஸ் என்றால், ஒரு பிரேக்கைப் பிடித்தாலே மற்றதும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது. அதைச் செய்வது ஏபிஎஸ். அப்பாவின் வண்டி 2015 மாடல் என்றால் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது.

வேகக் கணக்கும் ஒன்று. ஆபத்தைப் பார்த்து கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்தால், காய்ந்த ரோட்டில் 40-ல் போகும் வண்டி நிற்க சுமார் 23 மீட்டர் தேவை. 60-ல் போனால் சுமார் 44 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்குதான், தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எட்டு போடும் டெஸ்டில் இதெல்லாம் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு காலி மைதானத்தில் நீங்களே பத்து முறை நிறுத்திப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

ஃபிரெண்ட்ஸோட கொல்லிமலை போகலாமா?

போகலாம், ஆனால் முதல் மாதமே வேண்டாம். அங்கே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இருவருடன் முதல், இரண்டாம் கியரிலேயே திணற வேண்டியிருக்கும். அதில் ஆபத்து குறைவு. இறங்கும்போதுதான் சோதனை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் உண்டு. பிரேக் மட்டுமே வண்டியைத் தாங்கினால் டிரம் சூடேறி பிடிமானம் குறைந்துவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இந்த உதவி குறைவு. வழியில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர்தான் வழிவிட வேண்டும்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம், லைசென்ஸ் 3 மாதம் பறிபோகவும் வாய்ப்பு. டிரிபிள்ஸ் போனாலும் இதே தண்டனைதான். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டிராப் மாட்டாத ஹெல்மெட் விழும்போது முதலில் கழன்று ஓடும்.

அப்புறம், பகலில் எதிரே வருபவர் கையை விரித்து மூடி "லைட்டு எரியுது" என்று காட்டுவார். பதற வேண்டாம். 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும்படிதான் தயாரிக்கிறார்கள். சின்ன வண்டி மற்றவர் கண்ணில் பட அது உதவும்.

அப்பாவின் வண்டி என்றால் கடைசியாக இன்னொன்று

சாவியை வாங்கும் முன் இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது இருசக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு புதுப்பிக்க மறந்த வீடுகள் நிறைய. காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல், நீங்கள் யாரையாவது இடித்துவிட்டால் நஷ்டஈட்டுத் தொகை வண்டி உரிமையாளரான அப்பாவின் தலையிலும் விழும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எதுவரை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.