பம்பு கால் உடைந்ததா? காயலான் கடைக்கு போடாதீங்க! வார்ப்பு இரும்பை ஒட்ட வைக்கும் முறை

கோவை,

பம்பு செட்டுக்கும், வார்ப்பட பட்டறைக்கும் பெயர் போன ஊர் கோவை. தாத்தா காலத்து பம்பு, ஆயில் என்ஜின்களை சுற்று வட்டார தோட்டங்களில் இன்றும் பார்க்கலாம்.

மேடு பள்ளமான திட்டில் வைத்து போல்ட்டை முறுக்கினால் போதும். பம்பின் கால் "படக்" என்று உடைந்து விடும். பழைய மாடலுக்கு பாகம் கிடைப்பதும் கஷ்டம். அவசரத்துக்கு வெல்டிங் வைத்து ஓட்டினால் வெல்டிங் அப்படியே நிற்கும். அதன் பக்கத்தில் புதுசாக விரிசல் ஓடும். "வார்ப்பு இரும்பு ஒட்டாதுங்க" என்று கைவிரிப்பார்கள்.

உண்மையில் ஒட்டும். முறைதான் வேறு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

கரிதான் காரணம்

100 கிலோ வார்ப்பு இரும்பில் 2 முதல் 4 கிலோ வரை கரி கலந்திருக்கும். சாதாரண இரும்பில் கால் கிலோ இருந்தாலே அதிகம். வெல்டிங் ஆறும்போது சுருங்கும். சாதாரண இரும்பு கொஞ்சம் இழுபட்டு கொடுக்கும். வார்ப்பு இரும்பு இழுபடாது, விரிந்து விடும். சட்டென்று ஆறினால் ஓரம் கண்ணாடி மாதிரி இறுகி விடும்.

வார்ப்பு இரும்புதானா என்று தெரிய கிரைண்டரில் லேசாக தேய்த்து பாருங்கள். தீப்பொறி மங்கிய சிவப்பில் குட்டையாக வந்தால் வார்ப்பு. மஞ்சளாக நீளமாக பறந்தால் சாதாரண இரும்பு.

ஒட்டுவது எப்படி?

விரிசல் எதுவரை போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மண்எண்ணை தடவி, துடைத்து, சாக்பீஸ் தூள் பூசினால் கோடு தெரியும். கோடு முடியும் இடத்தில் 3 மில்லி மீட்டர் ஓட்டை போட்டால் விரிசல் மேலே ஓடாது. பிறகு விரிசலை பள்ளமாக தேய்த்து, உள்ளே ஊறிய எண்ணெயை சூடு காட்டி எரிக்க வேண்டும்.

நிக்கல் ராடு வைத்து ஒரு அங்குலம் மட்டும் வெல்டிங் செய்ய வேண்டும். சூட்டோடு சின்ன சுத்தியலால் தட்ட வேண்டும். கை வைக்கிற அளவு ஆறிய பிறகே அடுத்த அங்குலம். நிக்கல் ராடு விலை கூடுதல்தான். ஆனால் ஒட்டிய இடத்தை பிறகு டிரில் போடவும், கடையவும் முடியும்.

இன்னொரு வழி, பாகம் முழுவதையும் சூடேற்றி ஒட்டி, சாம்பலிலோ காய்ந்த மணலிலோ புதைத்து ஒரு ராத்திரி விடுவது. எந்த முறையானாலும் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பம்பு காலுக்கு கேஸ் வெல்டிங்கில் பித்தளை ராடு வைத்தும் ஒட்டலாம். என்ஜினில் சைலன்சர் பக்கம் சூடேறும் இடத்துக்கு பித்தளை ஆகாது.

இதை ஒட்டாதீங்க!

ஆயில் என்ஜின், தட்டு வெட்டும் மெஷினின் பெரிய சக்கரத்தில் விரிசல் விட்டால் ஒட்டவே கூடாது. சுற்றும் வேகத்தில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. அதை மட்டும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மற்ற பாகத்தை பட்டறையில் கொடுக்கும் முன் "என்ன ராடு போடுறீங்க? எப்படி ஆற விடுவீங்க?" என்று 2 கேள்வி கேளுங்கள். "அரை மணி நேரத்துல தந்துடறேன்" என்று பதில் வந்தால் வேறு பட்டறை பார்ப்பதே நல்லது.