பொறித் தடுப்பு

பொறித் தடுப்பு அல்லது எஞ்சின் பிரேக்கிங் என்பது, ஓடிக்கொண்டிருக்கும் ஊர்தியின் வேகத்தை, பிரேக்கை அழுத்தாமல், எஞ்சினின் சுழற்சித் தடையைக் கொண்டே குறைக்கும் முறையாகும். ஊர்தி கியரில் இருக்கும்போது ஓட்டுநர் முடுக்கி மிதியில் இருந்து காலை எடுத்ததும் இது தொடங்குகிறது. அவ்வேளையில் எஞ்சின் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. கியரைக் குறைக்கும்போது இத்தடுப்பு வலுவடைகிறது. நீண்ட மலையிறக்கங்களில் பிரேக்குகள் அளவுக்கு மீறிச் சூடாகிச் செயலிழப்பதைத் தவிர்க்க இம்முறை இன்றியமையாதது.

தேவை

மலைமேல் உள்ள ஊர்தி அதன் உயரத்தால் நிலையாற்றலைப் பெற்றிருக்கிறது. சீரான வேகத்தில் கீழே இறங்க வேண்டுமெனில், அவ்வாற்றல் முழுவதும் வேறு வடிவத்துக்கு, பெரும்பாலும் வெப்பமாக, மாறியாக வேண்டும். 10 டன் எடையுள்ள சரக்குந்து ஒன்று 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 49 மெகாஜூல் ஆகும். 30 பாகை செல்சியஸில் உள்ள 160 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதுமானது.

பிரேக்கு வட்டுகளும் உருளிகளும் காற்றால் மட்டுமே குளிர்கின்றன. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால் அவை மிகையாகச் சூடாகி, உராய்வுப் பட்டைகளின் பிடிப்பு குறைகிறது. மகிழுந்துகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. டாட் 3 வகைப் பிரேக்கு நீர்மத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ். ஈரம் கலந்த நிலையில் 140 பாகை செல்சியஸ். நீர்மம் கொதித்தால் குழாய்களில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி எளிதில் அமுங்கக்கூடியது என்பதால், மிதி அடிவரை சென்றாலும் ஊர்தி நிற்காது.

செயற்படும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் முடுக்கியை விட்டவுடன், காற்று நுழையும் வழியில் உள்ள திராட்டில் வால்வு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் காற்றை இழுக்க முயலும் பிஸ்டன்கள், உள்ளிழு குழாயில் உண்டாகும் பகுதி வெற்றிடத்தை எதிர்த்து இயங்க வேண்டியுள்ளது. இதுவும் எஞ்சினின் உள் உராய்வும் சேர்ந்தே தடையைத் தருகின்றன. காற்றை அமுக்குவதே தடுப்புக்குக் காரணம் எனப் பலர் கருதுவது முழுமையாகச் சரியன்று. அமுக்கப்பட்ட காற்று விரிவடையும்போது, பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியைப் பிஸ்டனுக்கே திருப்பித் தந்துவிடுகிறது.

வழக்கமான டீசல் எஞ்சினின் வேகம் எரிபொருளின் அளவைக் கொண்டே கட்டுப்படுத்தப்படுவதால், அதில் இத்தகைய வெற்றிடம் உண்டாவதில்லை. எனவே அதன் இயல்பான தடுப்பாற்றல் குறைவு. கனரக ஊர்திகளில் இக்குறையை ஈடுசெய்யத் தனிக் கருவிகள் பொருத்தப்படுகின்றன.

கஹோன் கணவாயும் அமுக்க விடுவிப்புப் பிரேக்கும்

டீசல் எஞ்சினின் இக்குறையை நேரில் உணர்ந்தவர் அமெரிக்கப் பொறியாளர் கிளெசி கம்மின்ஸ். 1931ஆம் ஆண்டு அவர் டீசல் சரக்குந்து ஒன்றில் நியூயார்க்கில் இருந்து லாஸ் ஏஞ்சலஸ் சென்றார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக்குகளால் வண்டியைக் கட்டுப்படுத்த இயலவில்லை. முன்னே சாலையைச் சரக்குத் தொடருந்து ஒன்று கடந்துகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டி கடந்து செல்ல, மோதல் நூலிழையில் தவிர்க்கப்பட்டது.

பிற்காலத்தில் கம்மின்ஸ் இதற்குத் தீர்வொன்றை உருவாக்கினார். பிஸ்டன் காற்றை அமுக்கி மேல் எல்லையை நெருங்கும் தருணத்தில் வெளியேற்று வால்வு திறக்கப்படுகிறது. அமுக்கப்பட்ட காற்று வெளியேறிவிடுவதால் அதன் ஆற்றல் பிஸ்டனுக்குத் திரும்புவதில்லை. எஞ்சின் ஒரு காற்றமுக்கியாக மாறிவிடுகிறது. ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் இக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'ஜேக் பிரேக்' என்னும் பெயர் இதிலிருந்து வந்ததாகும். இது எழுப்பும் உரத்த ஒலி காரணமாக அமெரிக்காவின் பல ஊர்களில் இதன் பயன்பாடு தடைசெய்யப்பட்டுள்ளது.

கியர் குறைத்தல்

நான்காம் கியரின் விகிதம் 1 எனவும் இரண்டாம் கியரின் விகிதம் 2 எனவும் கொள்வோம். நான்காம் கியரில் நிமிடத்துக்கு 1500 முறை சுழலும் எஞ்சின், அதே சாலை வேகத்தில் இரண்டாம் கியரில் 3000 முறை சுழலும். எஞ்சின் தரும் தடை சக்கரத்தை அடையும்போது இரு மடங்காகிறது. சுழற்சி வேகம் கூடுவதால் அத்தடையும் பொதுவாக உயர்கிறது.

ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலைச்சாலைகளுக்கான பழைய விதி. கியரை இறக்கம் தொடங்கும் முன்னரே குறைத்துவிட வேண்டும். வேகம் கூடிய பின் முயன்றால், கனரக ஊர்திகளில் புதிய கியர் விழாமல் வண்டி நியூட்ரலில் சிக்கிக்கொள்ளக்கூடும். கிளட்சை மிதித்தபடி இறங்கினாலும் பொறித் தடுப்பு கிடைக்காது.

எரிபொருள்

நியூட்ரலில் இறங்கினால் எரிபொருள் மிச்சமாகும் என்ற கருத்து கார்புரேட்டர் காலத்தில் இருந்து தொடர்கிறது. மின்னணு எரிபொருள் உட்செலுத்தல் கொண்ட எஞ்சின்களில், கியரில் இருந்தபடி முடுக்கியை விட்டால், சுழற்சி வேகம் போதிய அளவில் உள்ளவரை எரிபொருள் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் நின்றுவிடாமல் இருக்க எரிபொருள் தேவைப்படுகிறது. எனவே இறக்கத்தில் நியூட்ரல் பாதுகாப்பற்றது மட்டுமன்றி, செலவு மிக்கதும் ஆகும்.

தற்கால ஊர்திகளில்

தானியங்கிக் கியர் ஊர்திகள் பலவற்றில் தாழ்ந்த கியரைத் தேர்ந்தெடுக்கும் நிலைகள் உள்ளன. டொயோட்டா பிரியசு போன்ற கலப்பின ஊர்திகளில் 'பி' என்ற நிலை, எஞ்சினைச் சுழற்றித் தடுப்பைக் கூட்டுகிறது. மின் ஊர்திகளில் மோட்டார் மின்னாக்கியாகச் செயற்பட்டு, ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்புகிறது. மின்கலம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் இத்தடுப்பு குறைந்துவிடும்.

வரம்புகள்

பொறித் தடுப்பு இயக்கு சக்கரங்களில் மட்டுமே செயற்படுகிறது. ஈரமான அல்லது பனி படிந்த சாலையில் திடீரெனக் கியரைக் குறைத்தால் அச்சக்கரங்கள் வழுக்கக்கூடும். அதிவேகத்தில் மிகத் தாழ்ந்த கியருக்கு மாற்றினால் எஞ்சின் தன் வேக வரம்பைக் கடந்து பழுதடையலாம். பிரேக்கு மிதி அழுத்தப்படாததால் பின்புறச் சிவப்பு விளக்கும் எரியாது. பின்னால் வருபவர் வேகக் குறைவை உணராமல் போகலாம். பொறித் தடுப்பு பிரேக்குக்கு மாற்று அன்று. தேவைப்படும் நேரத்தில் பிரேக்குகள் சூடேறாமல் ஆயத்தமாக இருக்கச் செய்வதே அதன் பணியாகும்.