எடுத்து வளர்த்த பிள்ளை: கொடுக்கும் தாய் அறிய வேண்டியவை

"மகவேற்பு" என்ற சொல்லை நம்மட ஊர்களில் யாரும் பேச்சில் பாவிப்பதில்லை. அது 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் தமிழ். மகவாக ஏற்பது என்று பொருள். பத்திரிகைகள் "தத்து" என்று எழுதும். "சுவீகாரம்" என்பாரும் உண்டு. தனதாக்கிக் கொள்வது என்பது அதன் கருத்து. நம்மட உம்மாமார் சொல்வதோ "எடுத்து வளர்த்த புள்ள". இந்தப் பேச்சுச் சொல்லில்தான் மார்க்கம் சொல்வது அப்படியே இருக்கிறது. எடுத்தார்கள், வளர்த்தார்கள், பெற்றதாகச் சொல்லவில்லை.

முன்பு என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, எதிர்பாராமல் தங்கிய கருவோடு, கணவன் கைவிட்டுப் போன நிலையில் கேட்டாள்: "டீச்சர், பெத்த புள்ளயக் குடுத்தா அல்லாஹ் என்னட்டக் கேப்பானா?" அவளைச் சுற்றி ஆலோசனைக்குக் குறைவில்லை. "குடுத்திட்டு வேற வாழ்க்கையப் பாரு" என்றது சாச்சி. "குடுக்கிறது ஹறாம்" என்றது மூத்தம்மா. பிள்ளையில்லாத ஒரு வீட்டாரின் பெயரிலேயே பிறப்பைப் பதிந்துவிடலாம், ஒரு குருவிக்கும் தெரியாது என்றார் இடையில் வந்த ஒருவர். இந்த மூன்றில் கடைசியானதுதான் மிக ஆபத்தானது. அதற்குத்தான் ஊரில் ஆதரவும் அதிகம்.

மூத்தம்மா சொன்னதை முதலில் பார்ப்போம். ஸூரா அல்அஹ்ஸாபின் 4, 5ஆம் வசனங்கள் வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் தந்தையரைக் கொண்டே அழைக்கச் சொல்கின்றன. தந்தை யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் மார்க்கச் சகோதரர்கள். நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரழி), அதுவரை "முஹம்மதின் மகன்" என்று அழைக்கப்பட்டவர், மீண்டும் "ஹாரிஸாவின் மகன்" ஆனார். அழைக்கும் பெயர் மாறியதே தவிர அன்பு மாறவில்லை. ஆக, தடுக்கப்பட்டது வளர்ப்பதல்ல, நஸபை மாற்றுவது. மர்யம் (அலை) அவர்களை ஸகரிய்யா (அலை) பொறுப்பேற்றதைச் சொல்லும் இடத்தில் (3:37) வரும் வினையின் வேரிலிருந்து பிறந்ததுதான் "கஃபாலத்" என்ற சொல். மூஸா (அலை) அவர்களின் தாயை நினைத்துப் பாருங்கள். பிள்ளையைக் கையால் ஆற்றில் விட்டவர் அவர். அவரைக் குற்றம் சொல்லும் ஒரு சொல்கூட அல்குர்ஆனில் இல்லை. கூடவே, பிள்ளை எங்கே போகிறது என்று பார்த்துவர மகளை அனுப்பியவரும் அவர்தான்.

அப்படிப் பார்த்துவர யாருமில்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாடே சாட்சி. 1980களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போயின. பல கோப்புகளில் இருந்த தாயின் பெயர் பொய். பணத்துக்குத் தாயாக நடித்த பெண்களும் இருந்தார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியது. இன்று நடுத்தர வயதிலிருக்கும் அந்தப் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழோடு இங்கே வந்து, அதில் எழுதியிருக்கும் பெண் தங்கள் தாயே அல்ல என்று அறிந்து திரும்புகிறார்கள். கள்ளப் பதிவு செய்வோம் என்கிறவர் அதே வேலையைத்தான் ஊருக்குள் செய்யச் சொல்கிறார். அது சட்டப்படியும் குற்றம்.

நேர்வழி நீதிமன்றம். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் அல்லது நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாகத் தொடங்கலாம். மகவேற்புக் கட்டளை பிறந்துவிட்டால் பெற்றவளின் உரிமை நிரந்தரமாகப் போய்விடும். அதைத் தாய் விளங்கித்தான் சம்மதித்தாளா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும். ஆகவே வயிற்றிலிருக்கும்போதே யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம், வெற்றுத் தாளில் கையொப்பமும் வேண்டாம். பெற்று, உடம்பு தேறி, பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு எடுக்கிற முடிவுதான் முடிவு. கொடுப்பதே சரியென்று அப்போதும் பட்டால் கொடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டத்தின் கண்ணில் வளர்ப்புப் பிள்ளை சொந்தப் பிள்ளை. ஷரீஅத்தில் அது வாரிசாகாது. ஆனால் மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத் எழுதலாம், உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகவும் கொடுக்கலாம். மஹ்ரம் பிரச்சினைக்குப் பால்குடி உறவு வழி திறக்கிறது. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலூட்டியிருக்க வேண்டும். எடுப்பது ஆண் குழந்தையானால் வளர்க்கும் தாயின் சகோதரி பாலூட்டினால் போதும், வளர்க்கும் தாய் அவனுக்குப் பால்குடிச் சாச்சியாகிவிடுவாள். பெண் குழந்தைக்கு வளர்க்கும் தந்தையின் சகோதரி. இதை ஆறுதலாகப் பார்ப்போம் என்று விட்டால் இரண்டு வருடம் ஓடிப்போகும்.

கொடுக்கச் சொல்கிற சாச்சிமார் விட்டுவிடும் சங்கதி ஒன்றும் உண்டு. பல பெண்கள் கொடுக்க நினைப்பது மனமில்லாமல் அல்ல, கையில் காசில்லாமல். பிள்ளையின் செலவு வாப்பாவின் கடமை. நிகாஹ் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும், தாயும் அந்த ஆணும் முஸ்லிம்களானால், முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவின் கீழ் காதியிடம் தாபரிப்புக் கேட்கலாம். நஸப் தாயோடு நின்றாலும் சட்டம் அந்த மனிதனைச் சும்மா விடவில்லை. கொடுப்பதா வைத்திருப்பதா என்று கேட்பதற்கு முன்னமே கேட்க வேண்டியது இது.

கொடுக்கிற தாய் தன் பெயர், வாப்பாவின் பெயர், கூடப்பிறந்தவர்கள், பாலூட்டியவர் ஆகிய விபரங்களை ஒரு தாளில் எழுதி வளர்ப்பவரிடம் ஒப்படைக்கட்டும். ஒருநாள் அந்த மகளுக்கு நிகாஹ் பேசுவார்கள். வளர்த்த வாப்பா அவளுக்கு வலியாக முடியாது. சொந்த வலி இருக்கிறாரா, அல்லது காதியிடம் போக வேண்டுமா என்ற கேள்வி வரும். கூடப்பிறந்தவனே மாப்பிள்ளையாகப் பேசப்படவில்லை என்பதையும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.