இட்லிக்கு உளுந்து இருக்கு, விதைக்கு இருக்கா?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

மதுரையில நடுராத்திரியிலும் சூடா இட்லி கிடைக்கும். ஆனா நம்ம நாடு சாப்பிடுற உளுந்துல ஒரு பங்கு மியான்மர்ல இருந்து வருது. இத்தனைக்கும் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கத்து மானாவாரி நிலங்கள்ல உளுந்து விளையுது. விளைச்சல் கூடாததுக்குக் காரணங்கள் பல. அதுல ஒண்ணை மட்டும் இன்னைக்குப் பார்ப்போம்: விதை.

கம்பெனிக்கு ஏன் ஆர்வமில்லை?

மக்காச்சோளத்துல ஹைபிரிட் விதையை ஒவ்வொரு வருஷமும் புதுசா வாங்கணும். உளுந்து அப்படியில்லை. அது தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர். விளைஞ்சதையே எடுத்து வெச்சு அடுத்த வருஷம் விதைக்கலாம். விவசாயிக்கு இது வரம். ஆனா விதைக் கம்பெனிக்கு இதுல பெரிய லாபம் இல்லை. அதனால நல்ல ரகங்களை உருவாக்குற வேலை பெரும்பாலும் அரசு நிறுவனங்கள்கிட்டதான் இருக்கு. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் இருக்கிற பயறு ஆராய்ச்சி மையத்தோட வம்பன் ரகங்கள், மதுரை வேளாண் கல்லூரியோட எம்.டி.யு. 1 எல்லாம் அப்படி வந்தவைதான்.

ரகம் இருக்கு, விதை?

புது ரகம் வயலுக்கு வர்றதுக்குள்ள மூணு படி தாண்டணும். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, அதைப் பெருக்கின ஆதார விதைக்கு வெள்ளை, அதையும் பெருக்கின சான்று விதைக்கு நீலம். ஏக்கருக்கு 8 கிலோ விதைச்சு 200 கிலோ எடுத்தா, ஒரு தடவைக்கு 25 மடங்குதான் பெருகும். நெல்லு இதைவிட வேகமாப் பெருகும்.

இப்போ புரட்டாசி மழை பெய்யுதுன்னு வெச்சுக்கோங்க. ஈரம் காயறதுக்குள்ள விதைக்கணும். கையில விதை இல்லாத சிறு விவசாயி மண்டியில சாப்பாட்டு உளுந்தை வாங்கி விதைப்பார். அதுல பல ரகம் கலந்திருக்கும். வெள்ளை ஈ பரப்புற மஞ்சள் தேமல் நோய் வந்தா, எதிர்ப்புச் சக்தி இல்லாத செடிகள் மஞ்சளாகிக் காய்ப்பு குறைஞ்சுபோகும். பாதி விதை முளைக்காமலும் போகலாம். திரும்ப விதைக்க ஈரம் இருக்காது. உழவு கூலி, விதைக் காசு, அந்தப் பட்டம் எல்லாமே போச்சு.

அப்போ வீட்டு விதை?

மார்கழியில் அறுத்தா அடுத்த விதைப்புக்கு ஒன்பது மாசம் காத்திருக்கணும். அதுக்குள்ள பயறு வண்டு புகுந்துடும். இது காய் வயல்ல இருக்கும்போதே முட்டை போட்டுடும். மூட்டையைப் பிரிச்சா ஓட்டையும் மாவும்தான் மிஞ்சும். அதனாலதான் நம்ம ஊர்ல துவரைக்குச் செம்மண் கட்டி வெச்சாங்க. இப்போ நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கிளர்வூட்டிய களிமண் கலக்கச் சொல்றாங்க. ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல போகாம காயவைக்கிறதும் முக்கியம்.

தீர்வு ஊருக்குள்ளேயே

விதை கிராமத் திட்டத்தோட யோசனை எளிமையானது. ஒரு ஊர்ல சிலருக்கு நல்ல விதையும் பயிற்சியும் கொடுத்துட்டா, ஊருக்கான விதையை அவங்களே பெருக்கலாம். 2016-ல மத்திய அரசு நாடு முழுக்க 150 பயறு விதை மையங்களைத் தொடங்க முடிவெடுத்தது. ஆனா மழை தொடங்கின பிறகு விதை வந்து பயனில்லை. நல்லாக் காயவெச்ச, வண்டு இல்லாத விதை ஆவணியிலேயே ஊர்ல இருக்கணும். அதுக்கு நல்ல சேமிப்பு இடமும், சாதா உளுந்தைவிடக் கொஞ்சம் கூடுதல் விலையும் வேணும். இல்லைன்னா விதைக்காக வளர்த்ததையும் தை மாசச் செலவுக்கு மண்டியில போட்டுடுவாங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சோதனை. வீட்டுல தோல் நீக்காத முழு உளுந்து இருந்தா நூறு எண்ணி, ஈரத் துணியில சுருட்டி வைங்க. துணி காயாம பார்த்துக்கோங்க. ஒரு வாரத்துல எத்தனை முளைக்குதுன்னு எண்ணுங்க. சான்று விதைன்னா குறைஞ்சது 75 முளைக்கணும். உங்க எண்ணிக்கை அதைவிடக் குறைஞ்சா, அதுவே மழை ஈரத்துல விதைச்ச ஒரே ஒரு ஏக்கர்னு நினைச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.