குடியுரிமைக்குக் காத்திருக்கும்போது ஊருக்கு வரலாமா?



நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று அமெரிக்காவில் மனைவி மக்களோடு வசிக்கிறார்கள். கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் ஆனதும் என்-400 என்ற படிவத்தில் குடியுரிமைக்கு மனுப் போடுகிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரை மணந்து அவரோடு வாழ்பவருக்கு மூன்று ஆண்டுகள் போதும். மனுப் போட்ட பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஊரில் நடப்பவை அதற்காகக் காத்திருப்பதில்லை. தங்கைக்கு நிக்காஹ் பேசி முடிகிறது. வாப்பாவுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறிக்கிறார். உம்மா, தன்னை உம்ராவுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள்.

"இந்த நேரத்தில் வெளியே போனால் மனு ரத்தாகிவிடுமாமே?" என்று அங்கிருந்தும், "பத்து நாள் வந்து போக என்ன தடை?" என்று இங்கிருந்தும் நம் அலுவலகத்தில் கேட்கிறார்கள். இரு தரப்பாரும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கும்படி விவரங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சுருக்கமான பதில்: வரலாம். மனு நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போகத் தடை எதுவும் இல்லை. ஆனால் எந்தத் தேதியில் போகிறோம், எத்தனை நாள் தங்குகிறோம், கையில் எந்த ஆவணம் இருக்கிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

உறுதிமொழி எடுக்கும் நாள் வரை அவர் இந்தியக் குடிமகன்தான். அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், அவ்வளவே. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டும் கிரீன் கார்டும் இருந்தால் போய்த் திரும்பலாம். கிரீன் கார்டின் காலம் முடிந்திருந்தாலும் கவலை வேண்டாம். 2022 டிசம்பர் முதல், என்-400 மனுவுக்குக் கிடைக்கும் ரசீதுக் கடிதமே அந்தக் கார்டை 24 மாதங்களுக்கு நீட்டிக்கிறது. பழைய கார்டையும் அந்தக் கடிதத்தின் மூலப் பிரதியையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். லண்டன், பிராங்க்ஃபர்ட் போன்ற ஊர்கள் வழியாக டிக்கெட் எடுப்பவர்கள், இந்தக் கடிதத்தை அங்கே ஏற்பார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறு மாதக் கணக்கு

மனுப் போடும் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 30 மாதங்கள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும் என்பது ஒரு விதி. மனுப் போட்ட பிறகு போகும் பயணம் இந்தக் கணக்கில் வராது. ஆனால் 'தொடர்ச்சியான வசிப்பு' என்று இன்னொரு விதி இருக்கிறது. அது உறுதிமொழி எடுக்கும் நாள் வரை பொருந்தும். ஒரே பயணத்தில் ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே தங்கிவிட்டால், வசிப்பு அறுந்துவிட்டது என்றே அதிகாரி முதலில் எடுத்துக்கொள்வார். அங்கே வேலையை விடவில்லை, வீட்டைக் காலி செய்யவில்லை, மனைவி மக்கள் அங்கேயே இருந்தார்கள் என்பதற்குச் சான்று காட்டி மறுக்கலாம். அந்தச் சுமை நம் தலையில்தான் விழும். ஓராண்டு அல்லது அதற்கு மேல் ஆகிவிட்டால் மறுக்கவும் வழியில்லை.

இதில் அகப்படுபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். மகன் மூலமாகக் கிரீன் கார்டு பெற்ற வாப்பாவும் உம்மாவும் குளிருக்குப் பயந்து ஊருக்கு வருகிறார்கள். ரமழான் இங்கே, பெருநாள் இங்கே, பேத்தியின் நிக்காஹும் இங்கே என்று எட்டு மாதம் ஓடிவிடுகிறது. 'ரீஎன்ட்ரி பர்மிட்' வாங்கியிருக்கிறோமே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தப் பர்மிட் திரும்பி உள்ளே போக உதவும். குடியுரிமைக்கான வசிப்புக் கணக்கைக் காப்பாற்றாது. ஆகவே மனுப் போட்டவர்கள் ஒரு பயணத்தை ஐந்து மாதத்துக்குள் முடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

மனுப் போட்ட பிறகு சென்ற ஒவ்வொரு பயணத்தையும், புறப்பட்ட நாள், திரும்பிய நாள் சகிதம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நேர்முகத்தில் கேட்பார்கள்.

தவறவிடக் கூடாத அழைப்புகள்

மனுவுக்குப் பிறகு மூன்று கட்டங்கள் உண்டு. மூன்றுக்கும் அமெரிக்காவில் நேரில் போயாக வேண்டும்.

முதலாவது, கைரேகைப் பதிவு. முன்பே எடுத்த கைரேகையைப் பயன்படுத்திக்கொண்டு சிலரை அழைக்காமலும் விடுவார்கள். அழைத்தால் போக வேண்டும். தேதியை மாற்றக் கேட்காமல் போகாதிருந்தால் மனுவைக் கைவிட்டதாகக் கருத இடமுண்டு.

இரண்டாவது, நேர்முகம். ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் கேட்பது இதில்தான். சொல்லாமல் வராதிருந்தால் மனுவை மூடி வைப்பார்கள். ஓராண்டுக்குள் எழுதிக் கேட்டால் திறப்பார்கள். இல்லையென்றால் அது தள்ளுபடியாகும். இணையவழி மனுவுக்கே 710 டாலர் கட்டணம். அந்தப் பணத்தோடு காத்திருந்த காலமும் வீணாகும்.

மூன்றாவது, உறுதிமொழி. இதற்கு என்-445 என்ற அழைப்புக் கடிதம் வரும். வர இயலாவிட்டால் காரணத்தை எழுதி, அந்தக் கடிதத்தோடு அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பி, வேறு தேதி கேட்கலாம். தக்க காரணமின்றி ஒன்றுக்கு மேற்பட்ட முறை வராதிருந்தால் குடியுரிமை வேண்டாம் என்று விட்டதாகவே கொள்வார்கள். நேர்முகத்துக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா என்ற கேள்வியும் அந்தக் கடிதத்தில் உண்டு. போயிருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும்.

அழைப்புகள் தபாலில் வரும். இணையக் கணக்கிலும் தெரியும். ஊரில் இருக்கும் நாட்களில் அந்தக் கணக்கைத் தினமும் பாருங்கள். தபாலை எடுத்துப் பார்த்துச் சொல்ல அங்கே நம்பகமான ஒருவரை வைத்துவிட்டு வாருங்கள்.

உறுதிமொழிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடையில்

பலரும் எதிர்பாராத இடம் இதுதான். உறுதிமொழி எடுக்கும் அன்றே கிரீன் கார்டை வாங்கிக்கொள்வார்கள். பதிலாகத் தருவது குடியுரிமைச் சான்றிதழ். அதை வைத்து விமானம் ஏற முடியாது. அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டில்தான் போய்வர வேண்டும். இந்தியச் சட்டமோ, 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவின்படி, தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவரை அன்றிலிருந்து இந்தியக் குடிமகனாகக் கருதாது. பையில் இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு வருடம் காலம் இருந்தாலும் அதில் பயணம் செய்வது குற்றம். அதை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற வேண்டும்.

ஆக, அன்று முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை அவர் எங்கும் போக முடியாதவர். பாஸ்போர்ட் வந்தாலும் போதாது. இந்தியாவுக்குள் நுழைய விசா வேண்டும். பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் நான்கு முதல் ஆறு வாரம், 60 டாலர் கூடுதலாகக் கட்டினால் இரண்டு முதல் மூன்று வாரம் என்பது அண்மைக்கால நிலவரம். தபாலில் போய்வரும் நாட்கள் தனி. ஓ.சி.ஐ. அட்டை பாஸ்போர்ட் வந்த பிறகே விண்ணப்பிக்கக் கூடியது. அதற்கு மேலும் சில வாரங்கள் ஆகும். முதல் பயணத்துக்கு இ-விசா எடுத்துக்கொண்டு, ஓ.சி.ஐ.யைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இ-விசாவில் சென்னை, திருச்சி, கோயம்புத்தூர் விமான நிலையங்களில் இறங்கலாம்.

இன்னொன்று. சில அலுவலகங்களில் நேர்முகம் முடிந்த அன்றே உறுதிமொழியும் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். ஆகவே நேர்முகத்துக்கு அடுத்த வாரம் டிக்கெட் வைத்திருப்பவர், கார்டைக் கொடுத்துவிட்டு டிக்கெட்டோடு நிற்க நேரிடும். அத்தகையவர்கள் தமக்குப் பயணம் இருப்பதை அதிகாரியிடம் சொல்லி, உறுதிமொழியைப் பிறிதொரு நாளுக்கு வைக்கக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளும் மனைவியும்

தாய் தந்தையரில் ஒருவர் உறுதிமொழி எடுத்ததும், அவரோடும் அவர் பொறுப்பிலும் அமெரிக்காவில் வசிக்கிற, கிரீன் கார்டு உள்ள, 18 வயது நிறையாத பிள்ளைகளும் தாமாகவே அமெரிக்கக் குடிமக்கள் ஆகிவிடுகிறார்கள். அன்று முதல் அவர்களுக்கும் அமெரிக்கப் பாஸ்போர்ட் வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோர் இருவரும் நேரில் வர வேண்டும். வர இயலாதவர் நோட்டரி முன் கையொப்பமிட்ட சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும். மனைவி முன்கூட்டி ஊருக்கு வந்துவிட்டால் இந்தச் சம்மதம் வாங்குவதே பெரும்பாடாகும்.

கணவருக்குக் கிடைத்தது மனைவிக்கும் தானாகக் கிடைக்காது. அவர் தனியாக மனுப் போட வேண்டும். இருவரும் ஒரே நாளில் மனுப் போட்டாலும் அழைப்பு ஒரே நாளில் வரும் என்பதில்லை. ஒரு வீட்டில் நால்வர் என்றால் நால்வருக்கும் எந்தப் பாஸ்போர்ட், எந்த விசா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பெயரும் உம்ராவும்

நம்மவர்களில் பலருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். அதனால் அமெரிக்க ஆவணங்களில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்ற எழுத்துக்கள் ஏறிவிடுகின்றன. குடியுரிமை மனுவிலேயே பெயரைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பெயர் மாற்றத்துக்கு நீதிமன்றத்தில் நடக்கும் உறுதிமொழி நிகழ்ச்சிக்குக் காத்திருக்க வேண்டும். நாள் தள்ளிப் போகக்கூடும். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் புதிய பாஸ்போர்ட்டில் வரப்போகும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

உம்ரா, ஹஜ் விசாக்கள் பாஸ்போர்ட் எண்ணோடு கட்டப்பட்டவை. இந்தியப் பாஸ்போர்ட்டில் விசா வாங்கிய பின் உறுதிமொழி வந்துவிட்டால் அந்த விசா பயன்படாது. ஹஜ்ஜுக்குப் பணம் கட்டியவர்கள், பயணம் முடிந்த பிறகு உறுதிமொழி எடுக்கத் தேதி கேட்பதே நல்லது.

அவசரம் என்றால்

பெற்றோர் கடும் நோயில் இருக்க, உறுதிமொழிக் கடிதமும் வந்துவிட்டால் என்ன செய்வது? கிரீன் கார்டு கையில் இருக்கும்போது அன்றிரவே விமானம் ஏறலாம். உறுதிமொழி எடுத்த மறுநாள் அது முடியாது. ஆகவே முதலில் தேதியை மாற்றக் கேட்டு எழுதிவிட்டு, வந்து பெற்றோரைப் பார்த்துத் திரும்புங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. குடியுரிமை சில மாதம் தள்ளிப் போகும். அது திரும்பக் கிடைக்கக் கூடியது.

உறுதிமொழி எடுத்துவிட்ட பிறகு செய்தி வந்தால், பாஸ்போர்ட் ஏஜென்சியில் உயிராபத்துக்கான அவசரச் சேவை உண்டு. பெற்றோர், பிள்ளை, கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி ஆகியோர் மரணமடைந்தாலோ உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தாலோ கேட்கலாம். பெரியவாப்பா, மாமா, மாமிக்கு இது பொருந்தாது. குடியுரிமைச் சான்றிதழின் மூலப் பிரதியும், மருத்துவமனைக் கடிதம் அல்லது மரணச் சான்றும் வேண்டும். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில், மருத்துவமனையின் முகப்புத் தாளில், மருத்துவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அதை வாங்கி அனுப்புவது ஊரில் இருப்பவர்களின் வேலை. இதற்கு நம் அலுவலகத்தை அணுகலாம். பிறகு இந்தியத் தூதரகத்தில் அவசர விசா கேட்க வேண்டும்.

இத்தனையும் விரைவாக நடந்தாலும் இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். நம்மிடையே ஜனாஸாவை அவ்வளவு நாள் வைப்பதில்லை. பிள்ளை வரவில்லையே என்று சொந்தபந்தம் பேசும் முன், அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயம்.

ஊரில் இருப்போருக்கு

நிக்காஹ் தேதியை மண்டபம் கிடைக்கும் நாளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் மகனிடம், மருமகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நேர்முகக் கடிதம் வந்துவிட்டதா?" வரவில்லை என்றால், சில வாரப் பயணமாக இப்போதே வந்து போகலாம். வந்துவிட்டது என்றால், பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் கிடைத்த பிறகு நாள் குறியுங்கள். உறுதிமொழியிலிருந்து இரண்டு மூன்று மாதம் விட்டு வைத்தால் நெருக்கடி இருக்காது. எப்படியானாலும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டே எடுக்கச் சொல்லுங்கள்.

ஏதேனும் வழக்கு, கைது, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பழைய பயணம் இருப்பவர்கள், புறப்படும் முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குத் திரும்பி நுழையும் விமான நிலையத்திலேயே கேள்வி வரலாம். கட்டணங்களும் கால அளவுகளும் மாறிக்கொண்டிருப்பவை. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

இந்தப் பக்கத்தைப் படமெடுத்து அங்கிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். பயணங்களை அல்லாஹ் இலேசாக்கித் தருவானாக.

வஸ்ஸலாம்.
செயலாளர்