பாவடியும் களமும் பறிபோகலாமா?

கல்மண்டபத்திலிருந்து வடக்கே தண்டையார்ப்பேட்டையைக் கடந்து திருவொற்றியூருக்குச் செல்லும் வழியில் காலாடிப்பேட்டை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலெட் பேட்டை என்பதே அவ்வாறு மருவிற்று. அன்று நகருக்கு வெளியே தனித்திருந்த சிற்றூர், இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய நகர்ப்பகுதி. இப்பகுதியில் ஒரு திறந்தவெளியின் அருமையை இராயபுரம் இராபின்சன் பூங்கா உணர்த்தும். 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான். விளையாடுவதற்கு மட்டுமன்றி, மக்கள் ஒன்றுகூடுவதற்கும் இடம் வேண்டும் அல்லவா?

நிற்க. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சென்னையில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர். சிவகங்கை மாவட்டத்திலோ சுமார் 320 பேர். குடிகள் குறைந்த கிராமத்திற்குத் திறந்தவெளி எதற்கு என்று கேட்பார் உளர். வெளி இருக்கலாம், ஆயினும் பயிர் நிற்கும் வயலும் சீமைக்கருவேல் மண்டிய தரிசும் குழந்தைகள் ஓடியாடும் திடலாகமாட்டா.

நம் முன்னோர் இதற்கெனத் தனித்திட்டம் தீட்டவில்லை. தொழிலுக்கு விட்ட இடமே பொழுதுபோக்குக்கும் உதவிற்று. நெசவாளர் பாவை நீளக் கட்டிக் கஞ்சி தோய்த்து ஆற்றுவதற்கு விட்ட இடம் பாவடி. சேலம் வட்டாரத்தில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. காலையில் பாவு உலர்ந்து சுருட்டப்பட்டதும் திடல் சிறுவருக்கு உரியதாகும். திருவிழா இரவில் கூத்து நடைபெறும். உழவரின் நெற்களமும் அவ்வாறே. போரடிப்பு முடிந்தபின் ஊருக்குப் பொதுவாகும்.

இன்று பாவு ஓட்ட இயந்திரம் வந்துவிட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துத் தருகிறது. ஆகவே பாவடியும் களமும் 'பயனற்ற இடம்' என்ற பெயரைப் பெறுகின்றன. நாம் ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் பாவடியின் பாதி காணப்படவில்லை. முதலில் விறகு அடுக்கினர். பிறகு கொட்டகை போட்டனர். முடிவில் சுவர் எழுந்தது. சொத்துப் பதிவேட்டைப் புரட்டினோம். அந்நிலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை! கேட்பதற்குச் சங்கத்தாரிடம் சான்று இல்லாமற் போயிற்று.

எனவே ஊஞ்சலும் சறுக்குமரமும் வாங்குமுன் நிலத்தைக் காப்பதே முதற்கடமை. சங்க நிலமாயின் அளந்து, எல்லைக்கல் நட்டு, பதிவேட்டில் ஏற்றுக. புறம்போக்காயின் கிராம நிர்வாக அலுவலரிடம் கணக்கைப் பார்த்து, கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றுக. விளையாட்டிடங்களையும் பூங்காக்களையும் அமைக்க 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இடம் தருகிறது. கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கட்டளையிட்டுள்ளது.

அடுத்தது அமைப்பு. குடியிருப்புகள் சிதறியுள்ள பகுதியில் ஒன்றியத் தலைமையிடத்தில் ஒரு பெரிய விளையாட்டரங்கு கட்டினால், எட்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிறுமி அங்கே செல்வது எவ்வாறு? நடந்து செல்லும் தொலைவில் சிறிய திடல்களே நலம். பந்தாட ஒரு பக்கம், முதியோர் அமர வேம்பும் புங்கும், குடிநீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பிடம் ஆகியவை போதும். பள்ளித் திடலை மாலையில் திறந்துவிடப் பள்ளியாரிடம் பேசலாம்.

அமைப்பதினும் பேணுதல் கடினம். முள் வெட்டவும் விளக்கு மாற்றவும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். துணைவிதி இடங்கொடுக்கும் அளவில் சங்கம் ஒரு தொகை ஒதுக்கலாம், ஊராட்சியும் பங்கேற்கலாம், வீட்டுக்கு ஒருவர் மாதம் ஒருநாள் உழைப்பு நல்கலாம்.

அங்கத்தினர்களே! அடுத்த பேரவைக் கூட்டத்தில் கணக்கு வாசித்து முடிந்ததும் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் பாவடி எத்தனை சென்ட்? அது எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?" விடை உடனே கிடைக்காவிடில், அன்றே வேலையைத் தொடங்குவீர்களாக.