பொலிகாளையின் தகுதி

பருவம் தவறாமல் கத்தும் பசுவுக்குச் சினை நில்லாமற்போனால், பழி முழுவதையும் அந்த வாயில்லா ஜீவனின் தலையிலேயே சுமத்தி, மலடு என்று சொல்லிச் சந்தைக்கு ஓட்டிவிடுவது நம் நாட்டில் நெடுங்கால வழக்கமாக இருந்துவருகிறது. அது எந்தக் காளையோடு சேர்ந்தது, அக்காளையின் நிலை யாது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. ஆயினும் ஒரு பசுவின் குறையால் நஷ்டமாவது ஒரு கன்றுதான். மந்தைக்குப் பொதுவாக விடப்பட்ட பொலிகாளையின் குறையோ இருபது முப்பது பசுக்களின் ஒரு வருஷப் பலனையே பாழாக்கிவிடும். ஆகையால் முதலில் பரிசோதிக்க வேண்டியது காளையைத்தான்.

திமிலின் எடுப்பையும் நடையின் கம்பீரத்தையும் கண்டு பூச்சிக்காளை என்னும் பொலிகாளையைத் தெரிந்தெடுக்கும் கொங்கு நாட்டுக் குடியானவரின் அனுபவம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. எனினும் சகல லட்சணங்களும் பொருந்தி, பசுவைக் கண்டவுடன் தாவும் காளைக்கும் விந்தில் குறை இருக்கக்கூடும். கால், குளம்பு, கண் முதலியவற்றைப் பார்த்தபின் கால்நடை மருத்துவர் விதைப்பையின் சுற்றளவை நாடாவால் அளக்கிறார். பதினைந்து மாதக் காளைக்கு 30 சென்டிமீட்டராவது வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த அளவு; அளவு பெரிதாயுள்ள காளையின் பெண் சந்ததியும் சீக்கிரம் பருவமடைவதுண்டு.

பின்பு, சேகரித்த விந்தில் ஒரு துளியை இளஞ்சூடான கண்ணாடித் தகட்டில் இட்டு நுண்பெருக்கியில் நோக்கினால், நல்ல விந்தில் உயிரணுக்கள் மழைமேகம் போலத் திரண்டு சுழல்வது தெரியும். இயோசின், நிக்ரோசின் என்னும் சாயங்களைக் கலந்தால் இறந்த அணுக்களின் தலை இளஞ்சிவப்பாகிவிடும். உயிருள்ளவை கரிய பின்னணியில் வெண்மையாகவே நிற்கும். தலை கழன்றவை, வால் சுருண்டவை எல்லாம் அப்போது வெளிப்பட்டுவிடும். நூற்றுக்கு எழுபதாவது குறையற்ற வடிவில் இருத்தல் அவசியம்.

இங்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள் செல்கிறது. விதைகளோ உடம்பைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தால்தான் செவ்வனே இயங்கும். ஆதலால் காய்ச்சலாலோ கோடையின் உக்கிரத்தாலோ நேர்ந்த கேடு, காளை தேறி நன்றாக மேய்ந்துகொண்டிருக்கும்போதுதான் விந்தில் புலப்படும். ஒரே பரிசோதனையில் தேறாத காளையை அவசரப்பட்டு அடிமாடாக அனுப்புவது அநியாயம். இரண்டு மாதம் கழித்து மறுபடி சோதித்தே முடிவு செய்ய வேண்டும்.

சினை ஊசி பரவிய இக்காலத்தில் காளையைச் சோதிக்கும் பொறுப்பு பன்மடங்காகியிருக்கிறது. சென்னைக்கு அருகே அலமாதி போன்ற உறைவிந்து நிலையங்களில், கால் மில்லிலிட்டர் கொள்ளும் மெல்லிய குச்சிகளில் விந்தை நிரப்பி, மைனஸ் 196 டிகிரி குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரஜனில் பாதுகாக்கிறார்கள். ஒரு காளையின் வித்து ஆயிரக்கணக்கான பசுக்களைச் சென்றடைகிறது. கன்றுவீச்சு நோயும் காசநோயும் இல்லையென்று நிச்சயித்த பின்னரே காளையிடம் விந்து எடுக்கப்படுகிறது. உருக்கிய விந்திலும் பாதி அணுக்களாவது நீந்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் சோதனைச்சாலை பூரணமாகக் கண்டறிய முடியாத குறைகள் உண்டு. அவை கிராமத்துத் தொழுவங்களில், சினை நின்ற கணக்கிலேதான் வெளிப்படும். குச்சியின்மேல் அச்சிட்டிருக்கும் காளையின் எண்ணையும் ஊசி போட்ட தேதியையும் ஒவ்வொருவரும் குறித்துவைத்துச் சினைப் பரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்டினால், எந்தக் காளையை நீக்குவது, எதன் மகன்களை வளர்ப்பது என்பதை நிலையத்தார் தீர்மானிக்க அதுவே ஆதாரமாகும்.